இடிமேகத்துக்குப் பக்கத்தில் பலூனில் நான்கு மணி நேரம்

நம் ஜில்லாவில் யாராவது பலூனில் ஏறிப் பிரயாணம் செய்ய உத்தேசித்திருந்தால், முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுவது நல்லது. பாளையங்கோட்டையிலிருந்து மேற்கே பதினெட்டு மைல் ஆகாய மார்க்கமாகப் போய் உயிரோடு திரும்பிய பாத்திரக் கடைக்காரன் இந்த ராஜதானியிலேயே நான் ஒருவன்தான். லண்டனில் வேண்டுமானால் ஒருவர் இருக்கலாம். விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பரிதாபி வருஷம், சித்திரை மாதம், பௌர்ணமிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை இது நடந்தது. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மைத்துனர், நான் எது சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைக் கேட்கிறவர். அவர் வீட்டு முற்றத்தில் வானத்திலிருந்து இறங்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதற்குத் தோதாக, தூத்துக்குடியிலிருந்து தண்டல் சூசை தம் பலூனைக் கொண்டுவந்து பாளையங்கோட்டை மைதானத்தில் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். கயிற்றில் கட்டியபடியே முந்நூறு அடி ஏறி இறங்க இரண்டு ரூபாய். மூன்று நாளில் ஐம்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஐயாயிரம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பின்வரிசையில் நின்றவர்கள்.

தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். சூசை கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் தோணி ஓட்டிய மனிதர். கொழும்பில் ஒரு சர்க்கஸ் கம்பெனியின் பலூனைப் பார்த்து மயங்கி, அவர்களிடமே இரண்டு வருஷம் கயிறு பிடித்துத் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஊருக்கு வந்து தோணியை விற்றுப் பட்டு வாங்கினார். பாய்மரத் துணி தைக்கிற குடும்பத்தில் பிறந்த அவர் மனைவி பிலோமி, சிவப்பும் மஞ்சளுமாக முப்பத்திரண்டு பட்டுப் பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருந்தாள். பதினான்கு மாத வேலை. அந்தத் துணியைத் தவிர அவர்களுக்கு வேறு சொத்தே கிடையாது. அது போனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கத்தான் போக வேண்டும் என்று சூசை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பிலோமி சிரிக்கவில்லை.

எனக்கு இடம் கிடைத்தது என் வியாபாரத் திறமையால். பலூனுக்கு உள்ளே அடைக்கிற காற்றைச் செய்ய இரும்புத் தூள் வேண்டும். பீப்பாயில் தூளைக் கொட்டி மேலே கந்தகத் திராவகம் ஊற்றினால் கொதித்துக்கொண்டு ஒரு காற்று கிளம்புகிறது. அதற்கு நிறம் இல்லை, எடையும் இல்லாத மாதிரிதான். நெருப்பை மட்டும் கண்டால் பொறுக்காது. பட்டறைகளில் பொறுக்கிப் பத்து மூட்டை தூள் நான் பாதி விலைக்குக் கொடுத்தேன். கையில் பதினைந்து ரூபாயும் கொடுத்தேன்.

மறுநாள் அம்பாசமுத்திரத்தில் வேடிக்கை என்று தண்டோரா போட்டாயிற்று. காற்றை வெளியே விட்டுத் துணியை வண்டியில் ஏற்றினால் அங்கே மறுபடி அறுபது ரூபாய்க்குத் திராவகம் ஊற்ற வேண்டும். அதனால் சூசை ஒரு கணக்குப் போட்டார். சித்திரையில் சாயங்காலம் தொடங்கி நடுராத்திரி வரை கடலிலிருந்து கொண்டல் காற்று மேற்கே வீசும். அதிலேயே போய்விட்டால் செலவு இல்லை. விடியற்காலையில் காற்று திரும்பிவிடும், அப்போது கிளம்பினால் கடலுக்குள் போய்ச் சேர வேண்டியதுதான். ஆகவே ராத்திரிப் பிரயாணம்.

ராத்திரி எட்டரை மணிக்கு நான் ஒரு பித்தளை அண்டாவோடும் ஒரு சேவலோடும் போய் நின்றேன். இரண்டும் மைத்துனர் வீட்டுக்கு. பலூனுக்குக் கீழே தொங்குவது பிரம்புத் தொட்டி. நாலடிக்கு ஐந்தடி இருக்கும்.

"எடை எவ்வளவு அண்ணாச்சி?" என்று சூசை கேட்டார்.

"என் எடையா?"

"உம்ம எடையைக் கண்ணாலயே பாத்துட்டேன். அண்டா எடையைக் கேக்கேன்."

தொட்டியைச் சுற்றி எட்டு மணல் மூட்டைகள் தொங்கின. மணலைக் கொட்டினால் ஏறலாம். தலைக்கு மேலே இரண்டு கயிறுகள். வெள்ளைக் கயிற்றை இழுத்தால் உச்சியில் ஒரு மூடி திறந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், பைய இறங்கலாம். சிவப்புக் கயிற்றை இழுத்தால் பட்டு மேலிருந்து கிழிந்து ஒரேயடியாகத் தரைக்கு வந்துவிடும்.

"சிவப்பைத் தொட்டீர்னா உம்மளை மணல் மூட்டை மாதிரி எறிஞ்சிருவேன்" என்றார் சூசை.

சூசை, பிலோமி, நான் மூவரும் தொட்டியில் ஏறியதும் எட்டு ஐம்பதுக்குக் கயிற்றுக் கட்டை அவிழ்த்தார்கள். ஏறுகிற உணர்ச்சியே இல்லை. பாளையங்கோட்டைதான் கீழே போயிற்று. ஆயிரம் அடியில் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. காற்று மணிக்கு ஏழு மைல் வேகத்தில் வீசுகிறது என்று சூசை சொல்கிறார், என் மேல்துண்டு ஆடவே இல்லை. நாமும் காற்றோடு போவதால் காற்று தெரியாதாம். பிலோமி என் சேவலின் வாலில் ஓர் இறகைப் பிடுங்கி வெளியே விட்டாள். அது எங்கள் கூடவே, கைக்கு எட்டும் தூரத்தில், துணைக்கு வருகிற மாதிரி வந்தது.

"இறகு மேல போச்சுன்னா நாம இறங்குதோம். கீழ போச்சுன்னா ஏறுதோம்" என்றாள். "ராத்திரியில உயரம் காட்டுத முள்ளைவிட இதுதான் முந்திச் சொல்லும்."

"மைத்துனர் வீட்டுக்கு மொட்டைச் சேவலையா கொண்டுபோக?"

"பறந்து வந்த சேவல்னு சொல்லும்."

நிலா வெளிச்சத்தில் ஆறு பளபளவென்று வளைந்து கிடந்தது. மேலே போகப் போகச் சத்தமெல்லாம் தெளிவாகக் கேட்பது இன்னோர் ஆச்சரியம். இரண்டாயிரம் அடியிலும் நாய் குரைப்பது, வண்டி மாட்டின் சலங்கை, யாரோ ஒருத்தி பிள்ளையை வைவது எல்லாம் காதுக்குப் பக்கத்தில் கேட்டன. பத்தமடைக்கு மேலே போகும்போது பாய் நெய்கிற சத்தம்கூடக் கேட்டது என்று நான் சொன்னால் நம்ப வேண்டும்.

பத்தரை மணிக்குச் சேரன்மாதேவி விளக்குகள் தெரிந்தன. அப்போதுதான் சூசை பேச்சை நிறுத்தினார். பொதிகை மலை இருக்க வேண்டிய இடத்தில் மலையைவிடப் பெரிதாக ஒன்று நின்றது. உள்ளே மின்னும்போது காலிஃபிளவர் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தது. கோடை இடிமழை பொழுது சாய்வதற்குள் பெய்து ஓய்ந்திருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். அது ஓயவில்லை. காற்றையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஏழு மைலில் போனது பதினான்காயிற்று, பதினான்கு இருபத்தெட்டாயிற்று. நான் நாடியைப் பிடித்து எண்ணிக் கணக்கிட்டேன்.

"இறங்கிருவோம்" என்று சூசை வெள்ளைக் கயிற்றை இழுத்தார். கயிறு வரவில்லை. மேலே எங்கேயோ சிக்கிக்கொண்டது.

பிலோமி ஓர் இறகை விட்டாள். அது கல்லைப் போல நேரே கீழே போய் மறைந்தது. நாங்கள் அவ்வளவு வேகமாக ஏறிக்கொண்டிருந்தோம். காது இரண்டும் அடைத்தன. கடிகாரம் மாதிரி இருந்த உயரக் கருவியின் முள் ஏழாயிரத்தைத் தாண்டிற்று. சித்திரை மாதத்தில் எனக்குக் குளிரில் பல் கிட்டியது. பிறகு ஆலங்கட்டி. புளியங்கொட்டை அளவில் ஆரம்பித்து எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தது. தொட்டி ஊஞ்சல் மாதிரி ஆடவில்லை; சல்லடையைச் சலிப்பது மாதிரி ஆடிற்று. நாங்கள் மூவரும் சேவலும் அதில் உமி.

அண்டாவின் விளிம்பைப் பார்த்தேன். விளிம்பு முழுதும் பச்சையாக ஒரு சிறு நெருப்பு, சீறுகிற சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன், சுடவில்லை. என் விரல் நுனியிலும் பற்றிக்கொண்டது.

"இது என்ன, தண்டல்?"

"தோணியில பாய்மர உச்சியில பாத்திருக்கேன். இடி நம்மளைத் தேடுதுன்னு அர்த்தம். அண்டாவைத் தூக்கி எறியும்."

"ஒன்பது ரூபாய் அண்டா."

"மேல இருக்கது என்னன்னு நெனைச்சுப் பாரும் அண்ணாச்சி."

மேலே இருந்தது நெருப்பைப் பொறுக்காத காற்று. அண்டாவை எறிந்தேன். வீரவநல்லூர்ப் பக்கம் எங்கேயாவது புதிதாக ஒரு கிணறு தோன்றியிருந்தால் அது என் அண்டா விழுந்த இடம்.

பிறகு அதே மேகம் எங்களைக் கீழே தள்ளியது. இப்போது இறகு மேலே பறந்தது. எட்டு மூட்டை மணலும் போயிற்று. பிலோமி வழிக்கென்று வைத்திருந்த வாழைத்தார் போயிற்று. என் செருப்பு போயிற்று. சேவலை மட்டும் பிலோமி கொடுக்கவில்லை, இறகு இன்னும் வேண்டும் என்றாள். நான் எல்லாக் கடவுளையும் வரிசையாகக் கூப்பிட்டேன். சூசை அந்தோணியாரை மட்டும் கூப்பிட்டார். யார் வந்தார்களோ, மர உச்சிக்குச் சற்று மேலே, தரையிலிருந்து அறுபது அடியில் இறக்கம் நின்றது. மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். மேகத்துக்கும் எங்களுக்கும் நடுவே காற்றே இல்லாத ஒரு துண்டு இடம். கீழே ஆற்றங்கரை, அதற்கப்பால் ஓர் ஊர். ஊரின் பெயரை எழுத மாட்டேன். அந்தக் கரையில் பன்னிரண்டு ஊர் இருக்கிறது.

"இன்னும் பத்து நிமிசத்துல அடுத்த காத்து வரும்" என்றார் சூசை. "அது நம்மளை மலையில கொண்டு அடிக்கும். யாராவது கயித்தைப் பிடிச்சுக் கட்டினா பலூனும் தப்பும், நாமளும் தப்புவோம்."

நூறடி நங்கூரக் கயிற்றை இறக்கிவிட்டு மூவரும் கத்தினோம். ஊரில் விளக்குகள் எரிந்தன. சற்று முன்வரை மேளமும் வில்லுப்பாட்டும் மேலே கேட்டுக்கொண்டிருந்தன. இப்போது ஒரு சத்தம் இல்லை. ஒரு கதவும் திறக்கவில்லை.

"செத்துப்போன ஊரா இது?" என்றாள் பிலோமி.

எனக்குப் புரிந்துவிட்டது. அன்று அந்த ஊரில் சுடலைமாடன் கொடை, அதாவது கோயிலின் வருஷத் திருவிழா. கொடையில் நடுச்சாமத்தில் சாமியாடி வேட்டைக்குப் போவார். சாமி அவர் மேல் இறங்கியிருக்கும். கையில் பந்தத்தோடு தனியாகச் சுடுகாட்டுக்குப் போய் எல்லையில் பலி கொடுத்துவிட்டு வருவார். அவர் திரும்பும் வரை ஊரில் ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். வெளியே இருந்து எந்தக் குரல் கூப்பிட்டாலும், பெற்ற தாயின் குரலானாலும், பதில் கொடுக்க மாட்டார்கள். நாங்கள் கத்தக் கத்த அவர்கள் தாழ்ப்பாளை இறுக்கியிருப்பார்கள்.

இதைச் சூசையிடம் சொல்லி முடிப்பதற்குள் பந்தம் வந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஆளுயர நெருப்பு ஒன்று எங்களை நோக்கி நடந்து வந்தது. இடியைவிட அந்தப் பந்தத்தைப் பார்த்துத்தான் சூசைக்கு வியர்த்தது.

சாமியாடி சுடுகாட்டு மேட்டில் நின்றார். இடுப்பில் கட்டியிருந்த மடியிலிருந்து சோற்று உருண்டையை எடுத்தார். பலியின் இரத்தத்தில் பிசைந்தது, திரளை என்பார்கள். அதை ஆகாயத்தைப் பார்த்து எறிய வேண்டும். எல்லையில் நிற்கிற ஆவிகள் அதை வாங்கிக்கொள்ளும், கீழே விழாது. விழுந்தால் அந்த வருஷம் ஊருக்கு ஆகாது. முதல் உருண்டையை இடப்பக்கம் எறிந்தார். இரண்டாவதை வலப்பக்கம். மூன்றாவதை நேரே மேலே எறிந்தார். அது என் தோளை உரசிக்கொண்டு தொட்டிக்குள் வந்து விழுந்தது.

அவர் காதைச் சாய்த்து விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார். அப்போது மின்னிற்று. தலைக்கு மேலே கோயில் கோபுரம் உயரத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாக ஒன்று நிற்பதையும், அதன் அடியில் மூன்று முகங்களையும் அவர் பார்த்தார்.

நான் பிறந்த நாளிலிருந்து சேர்த்து வைத்த குரலெல்லாம் கூட்டிச் சொன்னேன்: "சாமி, நாங்க பாளையங்கோட்டைக்காரங்க. மேல இருக்க காத்து நெருப்புப் பட்டா வெடிச்சிரும். பந்தத்தை அணைச்சுட்டுக் கயித்தைப் பிடிங்க."

வேட்டைக்குப் போன சாமியாடி மனிதரோடு பேசக் கூடாது. பந்தம் அணையாமல் ஊருக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் எங்களையும் பார்த்தார், பந்தத்தையும் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் ஆற்றுக்குள் இறங்கிப் பந்தத்தைத் தண்ணீரில் முக்கினார். இருட்டில் கயிறு விறைத்தது. அடுத்த மின்னலில் பார்த்தால் கயிறு ஒரு மருத மரத்தைச் சுற்றியிருந்தது. அவர் நுனியைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவில் அடுத்த காற்று வந்துவிட்டது. பலூன் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் படுக்கப் பார்த்தது. மரம் முனகிற்று.

"இழும்" என்றாள் பிலோமி.

சூசை சிவப்புக் கயிற்றைப் பிடித்தார், இழுக்கவில்லை.

"கிழிஞ்சா நான் தச்சுக்கிடுவேன். மனுசன் கிழிஞ்சா தைக்க முடியாது. இழும்."

இழுத்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. தொட்டி நாணற்புதரில் விழுந்தது, பட்டு எங்கள்மேல் விழுந்தது, அதற்குமேல் மழை விழுந்தது. மழை ஓயும் வரை துணிக்கு அடியில் கிடந்துவிட்டு வெளியே வந்து பார்த்தபோது சாமியாடி இல்லை. மணி பன்னிரண்டு ஐம்பது. கிளம்பி நான்கு மணி நேரம்.

விடிந்ததும் ஊர் வந்துவிட்டது. முன்னால் ஊர்ப் பெரியவர், பின்னால் முந்நூறு பேர். சாமியாடி இப்போது வெள்ளை வேட்டியில் சாதாரண மனிதராக நின்றார். பெயர் மாசானம். மாட்டுத் தரகர். பந்தம் அணைந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த மழையில் எந்தப் பந்தம் நிற்கும். எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். பிறகு பெரியவர் சொன்னார்:

"ஆளுக மூணு பேரும் தாராளமாப் போகலாம். துணி வராது. வேட்டை ராத்திரி எல்லையில விழுந்தது சுடலைக்கு உள்ளது. ஒரு துண்டு விழுந்தாக்கூட நாங்க திரும்ப எடுக்க மாட்டோம்."

சூசையின் முகத்தை நான் வருணிக்கப் போவதில்லை. பிலோமி பட்டின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். நான் என்னால் ஆனதைச் செய்தேன். துணி சக்கரவர்த்தியாருக்குச் சொந்தமானது என்றேன். கலெக்டருக்கு நான் பாத்திரம் கொடுக்கிறவன் என்றேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவுக வந்து சுடலைகிட்ட கேக்கட்டும்" என்றார். பிறகு வெளியூரார் முன்னால் ஊரின் பெருமையைக் காட்ட நினைத்தாரோ என்னவோ, மாசானத்தின் பக்கம் திரும்பினார்.

"திரளை கீழ விழலையே?"

"விழலை" என்றார் மாசானம்.

கூட்டம் முழுதும் கையெடுத்துக் கும்பிட்டது. எனக்கு நாக்கு நுனி அரித்தது. அந்தத் திரளை இரண்டடி தூரத்தில், தொட்டிக்குள், பிலோமியின் காலடியில் கிடக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் ஊரின் கொடை கெட்டது, மாசானத்தின் பெயர் கெட்டது. காட்டாமல் இருக்க விலை கேட்டால் பலூனைக் கொடுப்பார்கள். இதைவிடச் சுலபமான வியாபாரம் நான் கடையில் பார்த்ததில்லை. சூசையின் காதில் சொன்னேன்.

"கயித்தைப் பிடிச்ச மனுசனையா?" என்றார் சூசை. "துறைமுகத்துல எனக்கு மூட்டை இருக்கு அண்ணாச்சி. போய்த் தூக்கிக்கிடுதேன்."

பிலோமி எங்கள் பேச்சைக் கேட்டாளோ இல்லையோ, குனிந்து எதையோ முந்தானைக்குள் எடுத்துக்கொண்டு, கால் கழுவப் போகிறவள் மாதிரி ஆற்றுக்குள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் முந்தானையை அலசிவிட்டு ஏறி வந்தாள். அவ்விடத்தில் மீன்கள் துள்ளின. மாசானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் பெரியவர் பக்கம் திரும்பினார். "நேத்து எனக்கு ஒரு உத்தரவாச்சு. முழுத்துணி வேண்டாமாம். இடுப்புக்குக் கட்ட ஒரு பட்டை போதுமாம்."

பெரியவர் கேட்டார்: "நேத்தே சொல்லலையேவே?"

"நீரு கேக்கலையே."

கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், "சுடலைக்குச் சிவப்புதான் பிடிக்கும்" என்றார். அதோடு தீர்ந்தது. பிலோமி கத்தரிக்கோலை எடுத்து, கிழிந்து தொங்கிய பட்டையிலிருந்தே, வேறு நல்ல பட்டை கெடாமல் எட்டு முழம் சிவப்புப் பட்டு வெட்டிக் கொடுத்தாள். சுடலையின் பீடத்தில் அதைச் சுற்றினார்கள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

இரண்டு மாட்டு வண்டி, வண்டிக்கு ஒரு ரூபாய் நாலணா, நாலு மைல் வந்து அம்பாசமுத்திரம் சேர்ந்தோம். மைத்துனர் சேவலைப் பார்த்து, "என்னவே, வழியில பட்டினி கிடந்து இறகைத் தின்னீரா?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். வழக்கப்படி பாதியைத் தள்ளினார். ஆனால் தள்ளிய பாதியில்தான் உண்மை எல்லாம் இருந்தது.

இனிப் போக விரும்புகிறவர்களுக்கு: சித்திரை, வைகாசியில் மேற்கே போகாதீர்கள், தை, மாசியில் மலைக்கு மேலே வானம் சுத்தமாக இருக்கும். பித்தளை, செம்பு எதுவும் எடுத்துப் போக வேண்டாம். கம்பளி கட்டாயம். பீடி, சுருட்டுப் பிடிக்கிறவர்கள் ரயிலில் போகலாம், பலூனைவிட அது நேரத்துக்குப் போகிறது. இறகுக்குச் சேவலைவிட வான்கோழி நல்லது. முக்கியமாக, வழியில் எந்தெந்த ஊரில் அன்றைக்குக் கொடை என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெள்ளைக் கயிற்றைக் கீழேயே ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பிலோமி பன்னிரண்டு நாளில் தைத்து முடித்தாள். சிவப்பு போன இடத்தில் வெள்ளைப் பாய்த்துணி. அம்பாசமுத்திரம் சந்தை மைதானத்தில் பலூன் மறுபடியும் கயிற்றில் ஏறியது. அன்று மாசானம் வந்திருந்தார். சூசை அவரிடம் கட்டணம் வாங்கவில்லை. நானும் கூட ஏறிக்கொண்டேன். முந்நூறு அடியில் நின்றதும் மாசானம் தொட்டியின் விளிம்பைப் பிடித்து வெகுநேரம் கீழே பார்த்தார்.

"தண்டல், இங்கன நின்னு ஒரு சோத்து உருண்டையை விட்டாக் கீழ விழுமா?"

"விழும் அண்ணாச்சி. எதை விட்டாலும் விழும்."

"உங்களுக்கு வந்தது எத்தனை?"

"ஒண்ணு."

"நான் எறிஞ்சது மூணு" என்றார் மாசானம். "மறுநா விடியுமுன்ன போய் மேடு முழுக்கத் தேடினேன். மத்த ரெண்டும் இல்ல."

மாசானம் ஆற்றங்கரைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். சூசை கீழே கயிறு பிடித்திருந்தவர்களுக்குக் கைகாட்டி, இன்னும் இருபது அடி விடச் சொன்னார்.